யாழ்ப்பாணத்தில் பிறந்தவன், கனடாப் பாஸ்போர்ட்: ஊருக்கு வர எனக்கு வீசா வேண்டுமா?

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இவ்வளவுதான். யாழ்ப்பாணத்தில் பிறந்து 1997இல் கனடா போனீர்கள், 2006இல் அந்த நாட்டுக் குடியுரிமை எடுத்தீர்கள். ஆனி மாதக் கடைசியில் வெள்ளவத்தையில் தங்கச்சியின் மகளுக்குக் கலியாணம். ஆடியில் கலியாணம் வைக்க மாட்டார்கள் என்பதால் அதற்கு முன்னரே முடிகிறது. நீங்களோ ஆவணியில் நல்லூர்த் தேரையும் பார்த்துவிட்டுத்தான் திரும்புவீர்கள். மனைவி, பதினைந்து வயது மகள், நாலு வயது மகன் எல்லோரும் சேர்ந்து எட்டுக் கிழமை. எந்த வீசா, எவ்வளவு காசு, விமான நிலையத்தில் இறங்கி எடுக்கலாமா என்பவை உங்கள் கேள்விகள். ஆனால் கடைசி வரியில் வேறொன்றையும் கேட்டிருக்கிறீர்கள்: “பழைய இலங்கைப் பாஸ்போர்ட்டும் அடையாள அட்டையும் இன்னும் என்னிடம் இருக்கின்றன. நான் பிறந்த நாட்டுக்கு எனக்கு ஏன் வீசா?” உங்கள் மனதில் உண்மையில் கிடப்பது இந்தக் கேள்விதான் என்று எனக்குப் படுகிறது. அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

காலி வீதியில் ஒரு சிறிய அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடமாக டிக்கெட், வீசா வேலை பார்க்கிறேன். டொரொண்டோ, லண்டன், பாரிஸ், சூரிச் என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் வருகிற நம் ஆட்களின் பாஸ்போர்ட்டுகள் என் மேசை வழியாகப் போயிருக்கின்றன. நான் சட்டத்தரணி அல்ல, குடிவரவுத் திணைக்களத்து ஆளும் அல்ல. சட்டத்தில் எழுதியிருப்பதை அப்படியே சொல்கிறேன். கவுண்டரில் அனுபவமாகக் கண்டதை அனுபவம் என்றே சொல்கிறேன். இரண்டையும் ஒன்றாகக் கலந்துவிடாதீர்கள்.

முதலில் சட்டம். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தின்படி, இலங்கைப் பிரஜை ஒருவர் தன் விருப்பத்தோடு வேறொரு நாட்டின் பிரஜையானால், அந்த நேரத்திலேயே இலங்கைப் பிரஜாவுரிமையை இழக்கிறார். யாரும் உங்களுக்குக் கடிதம் போட்டு அறிவிக்க மாட்டார்கள். உங்கள் கையில் இருக்கும் அடையாள அட்டையை யாரும் வந்து வாங்கிப் போகவும் மாட்டார்கள். அதனால்தான் இவ்வளவு குழப்பம். 2006இல் கனடாவில் நீங்கள் சத்தியப்பிரமாணம் எடுத்த அன்றே, இரட்டைப் பிரஜாவுரிமை எடுத்திராவிட்டால், இலங்கைச் சட்டத்தின் கண்ணில் நீங்கள் வெளிநாட்டவர். இதைக் கேட்க நெஞ்சு கனக்கும் என்று எனக்குத் தெரியும். என் மேசைக்கு முன்னால் இருந்து இதைக் கேட்டு அழுதவர்கள் இருக்கிறார்கள். போகவேண்டிய காலத்தில் உயிரைக் காத்துக்கொள்ளப் போனவர்களுக்கு, “நீ வெளிநாட்டவர்” என்று ஒரு படிவம் சொல்வது சின்ன விஷயம் இல்லை. ஆனாலும் அந்தக் கவுண்டரில் பேசுவது நீங்கள் பிறந்த இடம் அல்ல, நீங்கள் நீட்டுகிற பாஸ்போர்ட். ஆகவே உங்களுக்கு வீசா வேண்டும், மனைவிக்கும் வேண்டும், பிள்ளைகளுக்கும் வேண்டும்.

பழைய இலங்கைப் பாஸ்போர்ட்டைக் காட்டி உள்ளே வரலாம் என்று யாரோ உங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். தயவு செய்து அதைச் செய்ய வேண்டாம். பிரஜாவுரிமை போன பிறகு அந்தப் பத்திரத்தைப் பிரஜையாகப் பயன்படுத்துவது பொய் அறிவிப்பு. கனடாப் பாஸ்போர்ட்டில் நீங்கள் பிறந்த ஊர் எழுதியிருக்கும். அதைப் பார்க்கும் அதிகாரி “இரட்டைப் பிரஜாவுரிமை இருக்கிறதா?” என்று கேட்பது வழக்கம். “இல்லை, சுற்றுலா வீசாவில் வருகிறேன்” என்று சொன்னால் போதும். அது ஒரு சாதாரணக் கேள்வி, பொறி அல்ல. அடையாள அட்டையை நினைவாக வீட்டில் வைத்திருங்கள். இங்கே வங்கியிலோ, உறுதி எழுதும் இடத்திலோ அதை எடுத்து நீட்டாதீர்கள்.

சரி, எந்த வீசா என்பதற்கு வருவோம். 2012 ஜனவரியிலிருந்து வெளிநாட்டவர் வரும் முன் ஒன்லைனில் இலத்திரனியல் பயண அனுமதி எடுக்கும் முறை இருக்கிறது. எல்லோரும் ஈ.ரி.ஏ. என்கிறார்கள். இதில் பலர் விடுகிற பிழை, மின்னஞ்சலில் வந்த அந்தக் கடிதத்தையே வீசா என்று நினைப்பது. அது நீங்கள் விமானம் ஏறி வந்து கவுண்டரில் நிற்பதற்கான அனுமதி மட்டும்தான். வீசா கிடைப்பது கட்டுநாயக்கா விமான நிலையத்தில், அதிகாரி முத்திரை குத்தும்போது. உள்ளே விடுவதா இல்லையா என்ற இறுதி முடிவு அந்த அதிகாரியுடையது. சுற்றுலாவுக்கு முதலில் கிடைப்பது 30 நாள். அது விண்ணப்பித்த நாளிலிருந்து அல்ல, வந்திறங்கிய நாளிலிருந்து கணக்கு. அனுமதிக் கடிதத்தில் வேறொரு திகதியும் இருக்கும். அது எந்த நாளுக்குள் நீங்கள் வந்து இறங்க வேண்டும் என்பதற்கானது. இந்த இரண்டு திகதிகளையும் மாற்றிப் புரிந்துகொண்டு, “கடிதத்தில் இன்னும் நாள் இருக்கிறதே” என்று தங்கிவிட்டுத் தண்டம் கட்டியவர்களை வருடத்துக்கு இரண்டு மூன்று பேராவது பார்க்கிறேன்.

உறவினர் வீட்டுக்கு வருவது, கலியாணம், கோயில், ஊர் பார்ப்பது எல்லாம் சுற்றுலா வகைக்குள்தான் வரும். “நான் சுற்றுலாப் பயணியா?” என்று யோசிக்காமல் அதையே தெரிவு செய்யுங்கள். உங்கள் மகள் இங்கே ஒரு மண்டபத்தில் பரதநாட்டியம் ஆடப் போகிறாள் என்று நடுவில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அதில் கொஞ்சம் நிற்க வேண்டும். விதிகளில் கலாசார நிகழ்ச்சி தொடர்பான செயற்பாடுகள் சுற்றுலா வகையிலும் பேசப்படுகின்றன, கலை, இசை, நடன நிகழ்வுகளில் பங்குபற்றுவது வணிக வகையிலும் வருகிறது. கலியாண வீட்டில் மாமன் மாமி முன்னால் ஆடினால் யாருக்கும் ஒரு கேள்வியும் இல்லை. ஆனால் நுழைவுச்சீட்டு விற்று, விளம்பரம் அடித்து, அவளுக்குச் சன்மானமும் கொடுக்கும் மேடை என்றால், அவளுக்கு மட்டும் வணிக வகையில் எடுப்பதுதான் பாதுகாப்பு என்பது என் கருத்து. எல்லைக்கோடு எங்கே என்பதில் அதிகாரிக்கு அதிகாரி பார்வை மாறுவதைக் கண்டிருக்கிறேன். நிகழ்ச்சி நடத்துபவர்களிடம் எழுத்தில் ஒரு அழைப்புக் கடிதம் வாங்கி, திணைக்களத்துக்கு முன்கூட்டியே மின்னஞ்சல் போட்டுக் கேட்டு, வந்த பதிலை அச்செடுத்துக் கையில் வைத்திருங்கள். சுற்றுலா வீசாவில் சம்பள வேலை மட்டும் எந்த வகையிலும் கூடாது. இதில் இரண்டாவது கருத்தே இல்லை.

கட்டணத்தில்தான் உங்களுக்கு ஆளுக்கொரு கதை சொல்லியிருக்கிறார்கள். ஏன் என்று விளக்குகிறேன், ஏனென்றால் சொன்னவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. சிங்கப்பூர் மச்சான் “எனக்கு ஒன்றும் தேவைப்படவில்லை” என்றால் அது சரி. சிங்கப்பூர், மாலைதீவு, சீஷெல்ஸ் பாஸ்போர்ட்டுகளுக்கு ஈ.ரி.ஏ. தேவை இல்லை. சென்னையில் இருக்கும் சித்தப்பா “இலவசம்” என்றால் அதற்கும் காரணம் உண்டு. 2023 நவம்பரில் இந்தியா, சீனா, ரஷ்யா, ஜப்பான், மலேசியா, தாய்லாந்து, இந்தோனேசியா ஆகிய 7 நாட்டவருக்குக் கட்டணத்தை நீக்கினார்கள். அவர்களும் விண்ணப்பிக்கத்தான் வேண்டும், காசு மட்டும் இல்லை. நூறு அமெரிக்க டொலருக்கு மேல் கட்டினேன் என்று சொன்ன நண்பர் 2024இல் வந்திருப்பார். அந்த வருடம் ஏப்ரல் 17 முதல் ஈ.ரி.ஏ.யை நிறுத்தி, தனியார் கூட்டொன்றின் மூலம் புதிய ஈ-வீசா முறையைக் கொண்டுவந்தார்கள். சேவைக் கட்டணங்களைச் சேர்த்தால் ஆளுக்கு நூறு டொலரைத் தாண்டியது. வழக்குப் போய், ஆகஸ்ட் 2இல் உயர் நீதிமன்றம் அதை இடைநிறுத்தி, செப்டெம்பர் 27 முதல் பழைய முறை திரும்ப வந்தது. அந்த ஐந்து மாதத்தில் எங்கள் அலுவலகத் தொலைபேசி ஓயவே இல்லை. அப்புறம் 2025 ஜூலையில் மொத்தம் 40 நாடுகளுக்குக் கட்டணம் நீக்கப்படும் என்று அரசாங்கம் அறிவித்தது. அதுதான் உங்கள் அக்கா வட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தி.

ஈ.ரி.ஏ. திரும்ப வந்தபோது எங்கள் ஆட்களுக்கு நான் கட்டியது கனடா போன்ற நாடுகளுக்கு 50 அமெரிக்க டொலர், தெற்காசியாவின் சார்க் நாடுகளுக்கு 20, 12 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்குக் காசு இல்லை. உங்கள் மகனுக்கும் விண்ணப்பம் தனியாகப் போட வேண்டும், கட்டணம் மட்டும் பூச்சியம் என்று வரும். மகளுக்குப் பதினைந்து, அவள் பெரியவர் கணக்கு. அறிவிப்பு ஒரு நாளும் அமல் இன்னொரு நாளுமாக இருப்பது இங்கே வழமை. ஆகவே நீங்கள் விண்ணப்பிக்கும் அன்று அரசாங்கத் தளத்தில் பணம் கட்டும் பக்கத்தில் என்ன தொகை காட்டுகிறதோ அதை மட்டும் நம்புங்கள். அரசாங்கத் தளம் என்பதை அழுத்திச் சொல்கிறேன். விலாசத்தின் முடிவில் டொட் கொவ் டொட் எல்கே இருக்க வேண்டும். கூகுளில் தேடினால் மேலே விளம்பரமாக வரும் தளங்களில் பல தனியார் இடைத்தரகர்கள். இலங்கைக் கொடியும் யானைப் படமும் போட்டு, இரட்டிப்புக் காசு வாங்கி, அதே படிவத்தைத்தான் நிரப்பித் தருகிறார்கள். சிலர் அதையும் செய்யாமல் உங்கள் பாஸ்போர்ட் விவரத்தை மட்டும் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள்.

விமான நிலையத்தில் இறங்கி எடுக்கலாமா? நான் யாருக்கும் அதைச் சொல்வதில்லை. அங்கே கட்டணம் கூட, வரிசையும் நீளம். அதைவிடப் பெரிய காரணம் டொரொண்டோவில் இருக்கிறது. அனுமதி இல்லாத பயணியைக் கொண்டுவந்தால் விமான நிறுவனமே அவரைத் திருப்பிக் கொண்டுபோக வேண்டிவரும். அதனால் பெட்டி போடும் கவுண்டரிலேயே ஈ.ரி.ஏ., திரும்பும் டிக்கெட், பாஸ்போர்ட்டில் ஆறு மாதம் இருக்கிறதா என்று மூன்றையும் பார்ப்பார்கள். மகனின் பாஸ்போர்ட்டை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். கனடாவில் 16 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு ஐந்து வருடத்துக்கு மேல் தருவதில்லை, அவனுடையது பிறந்த கையோடு எடுத்ததாக இருந்தால் முடியும் காலம் நெருங்கியிருக்கும். நீங்கள் வந்திறங்கும் நாளிலிருந்து ஆறு மாதம் குறைந்தது இருக்க வேண்டும்.

இனி எங்கள் பெயர்கள். மற்ற எதையும் விட நான் அதிக நேரம் செலவழிப்பது இதில்தான். கந்தையாவின் மகன் சிவகுமார் கனடா போனதும் குடும்பப் பெயர் கந்தையா ஆகிவிடுகிறது. அவருடைய பிள்ளைகளின் குடும்பப் பெயர் சிவகுமார். ஒரே குடும்பத்தில் அப்பாவுக்கு ஒன்று, பிள்ளைகளுக்கு இன்னொன்று, அம்மா தன் தகப்பன் பெயரை மாற்றாமல் வைத்திருந்தால் மூன்றாவது ஒன்று. படிவத்தில் நிரப்பும்போது எது உங்கள் பெயர், எது அப்பா பெயர் என்று தமிழில் யோசிக்காதீர்கள். பாஸ்போர்ட்டின் படப் பக்கத்தில் கீழே அம்புக்குறிகளோடு இரண்டு வரி இருக்கிறதே, அதில் எது முதலில் வருகிறதோ அது குடும்பப் பெயர். அந்த ஒழுங்கில், அந்த எழுத்துக் கூட்டலில் அப்படியே போடுங்கள். பாஸ்போர்ட் இலக்கத்தில் வருவது ஓ என்ற ஆங்கில எழுத்தா பூச்சியமா என்று இரண்டு தடவை பாருங்கள். பல வருடத்துக்கு முன் ஒரு வயதான அம்மாவுக்கு நான் விண்ணப்பம் போட்டபோது அந்த ஒரு எழுத்தைப் பிழையாக அடித்துவிட்டேன். அவர் அங்கே கவுண்டரில் நின்று போன் எடுத்தபோது இங்கே விடியற்காலை இரண்டு மணி. படுக்கையிலிருந்து எழும்பிப் புதிதாக விண்ணப்பித்து, அனுமதி வந்து சேர விமானம் புறப்பட நாற்பது நிமிடம்தான் இருந்தது. அன்றிலிருந்து எந்தப் பாஸ்போர்ட்டையும் இன்னொருவர் வாசிக்கக் கேட்டுத்தான் சரிபார்க்கிறேன். நீங்களும் மகளை வாசிக்கச் சொல்லிச் சரிபாருங்கள். பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் பிரதிகளும் கையில் இருக்கட்டும். வேலை காரணமாக நீங்கள் முந்தித் திரும்பி, மனைவி பிள்ளைகளோடு பிறகு வருவதாக இருந்தால், நீங்கள் கையொப்பமிட்ட சம்மதக் கடிதத்தை எழுதிக் கொடுங்கள். அதைக் கனடாப் பக்கத்திலும் கேட்கலாம்.

எட்டுக் கிழமை என்பது 56 நாள். முப்பது நாள் போதாது, நீடிக்க வேண்டும். முதல் நீடிப்பில் வந்த நாளிலிருந்து 90 நாள் வரை தருவது வழமை. நல்லூரில் கொடியேறிய நாளிலிருந்து இருபத்தைந்து நாள் திருவிழா, தேர் இருபத்துநாலாம் நாள். உங்கள் கணக்குக்கு ஒரு நீடிப்பே தாராளம். இதை ஒன்லைனிலும் செய்யலாம், பத்தரமுல்லையில் சுஹுருபாயவில் இருக்கும் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்துக்கு நேரே போயும் செய்யலாம். அந்த அலுவலகம் முன்பு பொரளைப் பக்கம் இருந்தது, இப்போது அங்கே இல்லை. முப்பது நாள் முடியும் வரை காத்திருக்காமல் ஒரு கிழமை முன்னரே போட்டுவிடுங்கள், கலியாண வீட்டுக் களைப்பில் நாள் போவதே தெரியாது. யாழ்ப்பாணத்துக்கு ஏறும் முன் கொழும்பிலேயே இதை முடித்துவிட்டுப் போவதுதான் நல்லது.

கூறைச் சேலை எடுக்க நடுவில் சென்னை போய்வர யோசனை என்றும் எழுதியிருந்தீர்கள். சுற்றுலா ஈ.ரி.ஏ. இரட்டை வருகைக்குத் தரப்படுவதால், முதல் முப்பது நாளுக்குள் ஒரு தடவை போய்வரலாம். ஆனால் திரும்பி வந்ததும் புதிதாக முப்பது நாள் தொடங்கும் என்று நினைத்துத் திட்டம் போடாதீர்கள். இந்தியாவுக்குத் தனி வீசா வேண்டும் என்பதையும் கணக்கில் எடுங்கள். யாழ்ப்பாணத்தில் பலாலி விமான நிலையத்திலிருந்து சென்னைக்கு விமானம் இருக்கிறது, காங்கேசன்துறையிலிருந்து நாகபட்டினத்துக்குக் கப்பலும் ஓடுகிறது. கப்பல் காலநிலைக்காக நிறுத்தப்படுவதுண்டு, சேலைக்காகப் போய் அங்கேயே மாட்டிக்கொள்ள வேண்டாம்.

வடக்குக்குப் போகப் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி வேண்டுமா என்று பயந்து கேட்டிருந்தீர்கள். அந்தப் பயம் ஆதாரம் இல்லாதது அல்ல. 2014 ஒக்டோபரில் வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு அந்த நடைமுறையைத் திரும்பக் கொண்டுவந்து, ஓமந்தைச் சோதனைச் சாவடியில் பஸ்ஸிலிருந்து இறக்கித் திருப்பி அனுப்பினார்கள். 2015 ஜனவரியில் அதை நீக்கிவிட்டார்கள். இப்போது கொழும்புக் கோட்டையில் ரயில் ஏறினால் நேரே யாழ்ப்பாணம்தான். போர்க்காலத்தில் வெள்ளவத்தை வீடுகளில் வந்து தங்குபவர்களைப் பொலிஸில் பதிந்து, அந்தத் துண்டைக் கதவுக்குப் பின்னால் வைத்திருந்த நாட்களை நான் மறக்கவில்லை. அந்த நினைவோடு வருகிறவர்களிடம் “ஒன்றும் இல்லை, பயப்படாதீர்கள்” என்று லேசாகச் சொல்லிவிட எனக்கு மனம் வராது. என் வாடிக்கையாளர்களில் மிகப் பெரும்பாலானோர் ஒரு கேள்வியும் இல்லாமல் வந்து போகிறார்கள், இது என் அனுபவம். ஆனால் அமைப்பு ஒன்றில் பொறுப்பில் இருந்தவர், பழைய வழக்கோ பிடியாணையோ இருப்பவர், வர்த்தமானியில் வந்த தடைப் பட்டியலில் தன் பெயரை ஒத்த பெயர் இருப்பவர் என்றால், டிக்கெட் எடுக்கும் முன் இங்கே ஒரு சட்டத்தரணியைப் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். வீசா கிடைத்துவிட்டது என்பது அதற்கு விடை அல்ல.

அடிக்கடி வருவதாக இருந்தால் இரட்டைப் பிரஜாவுரிமையைப் பற்றி யோசியுங்கள். 1987ஆம் ஆண்டுத் திருத்தத்திலிருந்து அதற்கு வழி இருக்கிறது. ஏற்கெனவே இழந்தவர்கள் மீளப் பெறுவது ஒரு வழி, வெளிநாட்டுக் குடியுரிமை எடுக்கப் போகிறவர்கள் இலங்கையுடையதைத் தக்கவைப்பது இன்னொன்று. உங்களுடையது முதலாவது. வயது, படிப்பு, இங்கே உள்ள சொத்து, வைப்புப் பணம் என்று தகுதிகள் பல, அவற்றில் ஒன்று பொருந்தினால் போதும். வீசா வேலை மிச்சம் என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவருக்குக் காணி கைமாற்றுவதைத் தடுக்கிறது. இரட்டைப் பிரஜைகளுக்கு அந்தத் தடை இல்லை. கலியாணத்துக்கு வந்த இடத்தில் “அப்பாவின் காணியை என் பெயருக்கு எழுதலாமா?” என்று கேட்கிறவர்கள் நிறையப் பேர். வாரிசுரிமைக்கு விதிவிலக்கு உண்டு, கொள்வனவு வேறு கதை. அது நொத்தாரிசும் சட்டத்தரணியும் பார்க்க வேண்டிய விஷயம், இந்த எட்டுக் கிழமைக்குள் அவசரத்தில் கையொப்பம் போட வேண்டாம்.

படிவத்தில் இலங்கையில் தங்கும் விலாசம் கேட்கும். தங்கச்சியின் தொடர்மாடி வீட்டின் இலக்கம், ஒழுங்கை, கொழும்பு 06 என்று முழுதாக எழுதுங்கள், அவருடைய தொலைபேசி இலக்கத்தையும் காகிதத்தில் எழுதிச் சட்டைப் பையில் வையுங்கள். இறங்கியதும் போனில் சிக்னல் இருக்காது. முத்திரை குத்தித் தந்ததும் கவுண்டரை விட்டு நகரும் முன், நான்கு பாஸ்போர்ட்டிலும் உள்ள திகதியைப் பாருங்கள். ஒன்று மாறியிருந்தால் அந்த இடத்திலேயே சொன்னால் ஒரு நிமிட வேலை, பிறகு என்றால் பத்தரமுல்லையில் ஒரு முழு நாள். டிக்கெட் போட்டதும் வரும் நாளையும் போகும் நாளையும் எழுதுங்கள், நீடிப்புக்கு எந்தக் கிழமை விண்ணப்பிப்பது என்று பார்த்துச் சொல்கிறேன்.